பெற்றோல் லைனுக்குப் பின்னல் ஹோஸ்: திருகோணமலையில் போட்டுப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடலோரத்தில் கார் வைத்திருப்பவர், டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் போகிற குழாய்கள், அதாவது பெற்றோல் லைன், பழசாகி மாற்றியே ஆகவேண்டிய நிலை என்றால், உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே கறுப்பு நைலோன் பின்னலும் உள்ள ஹோஸ் நல்ல பொருள், கொடுத்த காசுக்குத் தகும். வெளியே பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல், உள்ளே சாதாரண றப்பர் என்று வருகிற மலிவு ஹோஸை எங்கள் ஊர்க் காற்றில் யாரும் வாங்க வேண்டாம். ஹோஸின் முனையில் பூட்டுகிற இணைப்புகளான பிட்டிங்குகளில், நேரானவை குறை சொல்ல முடியாத தரம். 90 பாகை வளைந்ததில் ஒன்று ஒழுகியது, அதற்கு விற்ற கடை சொன்ன பதில் மோசமானது, அதைக் கீழே எழுதுகிறேன். பூட்டித் தந்த கராஜுக்கு ஐந்துக்கு ஐந்து.

கார் டொயோட்டா கொரோலா 110, 5ஏ-எஃப்இ எஞ்சின், 1500 சிசி, இன்ஜெக்ஷன் வண்டி. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் கையில் இருந்த பழைய காரைக் காப்பாற்றி ஓட்டியவர்கள்தான் நாட்டில் அதிகம், நானும் அப்படித்தான். நடுவில் 2022 வந்தது. பெற்றோல் இல்லாமல் கார் வீட்டு வாசலிலேயே நின்றது, பிறகு கியூஆர் அட்டைக்குக் கிடைத்த சில லீற்றரை ஊற்றி அவசரத்துக்கு மட்டும் ஓட்டினோம், டாங்கியின் அடி காய்ந்து கிடந்தது. ஓடாமல் நிற்கிற காரில் முதலில் கெடுகிற பொருள்களில் றப்பரும் ஒன்று. உள்ளே பெற்றோல் படாமல் காய்ந்து, வெளியே வெயிலில் வெந்து, இரண்டு பக்கமும் இறுகிவிடுகிறது.

காலையில் பொனட்டைத் திறந்தால் பெற்றோல் மணம் வரத் தொடங்கியது. பில்டருக்கும் இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோலைப் பிரித்துக் கொடுக்கிற ரெயில் குழாய்க்கும் நடுவில் உள்ள ஹோஸைக் கையால் லேசாக வளைத்ததும் மேல்தோல் காய்ந்த வாழைத்தண்டு மாதிரி வெடித்துக் காட்டியது. காரை ஜாக்கியில் தூக்கிக் கீழே பார்த்தபோது அதைவிடப் பெரிய பிரச்சினை: டாங்கியிலிருந்து முன்னுக்கு வருகிற இரும்புக் குழாய், உடம்போடு அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்தது. கிளிப் இல்லாத இடமெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. நிலாவெளிப் பக்கம், உப்புவெளிப் பக்கம் கார் வைத்திருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். கடல் மணல் கிளிப்புக்குள் போய் அடைந்துகொள்கிறது, மாரியில் நனைகிறது, அந்த உப்பு ஈரம் வெளியே போக வழியில்லாமல் கிளிப்புக்குள்ளேயே இருந்து குழாயைத் தின்கிறது. மேலோட்டமாகக் கழுவினால் அந்த இடத்துக்குத் தண்ணீர் போகாது, கிளிப்பைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பொருளுக்கு வருவோம். பின்னல் ஹோஸ் என்பது இரண்டு அடுக்கு. உள்ளே பெற்றோல் ஓடுகிற குழாய், வெளியே அதை உப்பவிடாமல் இறுக்கிப் பிடிக்கிற பின்னல். கடையில் எல்லோரும் வெளிப் பின்னலைக் காட்டித்தான் விற்கிறார்கள், பையில் 1000 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் என்று பெரிய எழுத்தில் அடித்திருக்கிறார்கள். கொரோலாவின் பெற்றோல் அழுத்தம் 38 முதல் 44 பிஎஸ்ஐ வரைக்கும்தான். இன்ஜெக்ஷன் காருக்கென்று செய்கிற சாதாரண றப்பர் ஹோஸே, ஆர்9 என்ற தரத்தில் வருவது, 100 பிஎஸ்ஐக்குக் கணக்குப் பண்ணியது. ஆகவே பலம் என்ற காரணத்துக்காக யாரும் பின்னல் ஹோஸுக்குக் காசு போட வேண்டாம், அந்த 1000 நமக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாத எண். பார்க்க வேண்டியது உள்குழாய் என்ன பொருள் என்பதை மட்டும்தான், அதைத்தான் பல பைகளில் எழுதுவதே இல்லை.

உள்குழாய் பொதுவாக இரண்டு வகையில் வருகிறது. ஒன்று செயற்கை றப்பர். இலகுவாக வளையும், பூட்டுவது சுலபம், விலையும் குறைவு. ஆனால் பெற்றோல் ஆவி அதனூடாக மெல்ல மெல்ல வெளியே கசிந்துகொண்டே இருக்கும். ஒரு சொட்டு ஒழுகாது, ஆனாலும் கார் நிற்கிற இடம் மணக்கும். வீட்டோடு ஒட்டிய மூடின கராஜில் கார் விடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை, புது ஹோஸ் போட்டும் மணம் போகவில்லை என்று பலர் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதோடு றப்பர் என்றைக்கோ வெடிக்கும், வெடிப்பது பின்னலுக்கு உள்ளே என்பதால் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண ஹோஸ் வெடித்தால் மேல்தோலிலேயே காட்டிக்கொடுக்கும். இது கடைசி வரைக்கும் புதுசு மாதிரியே பளபளத்துக்கொண்டு இருந்து ஒரு நாள் திடீரென்று ஒழுகும், அதுவும் சூடான எஞ்சினுக்கு மேலே. எனக்கு இந்த வகையில் நம்பிக்கை இல்லாமல் போனதற்கு முதல் காரணம் இதுவே.

மற்றது டெஃப்லான். பெற்றோலில் ஊறாது, எத்தனோல் கலந்த பெற்றோலுக்கும் அசையாது, ஆவியையும் வெளியே விடாது என்று சொல்கிற அளவுக்கு அடைத்து வைக்கும். இந்தியாவில் இப்போது 20 வீதம் எத்தனோல் கலந்து விற்கிறார்கள், பழைய றப்பர் அதற்குத் தாங்குமா என்று அங்கே கார்க்காரர்கள் கவலைப்படுவதைப் பார்க்கிறோம். நாளைக்கு இங்கே என்ன கலந்து வந்தாலும் லைனைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. குறை என்றால், விறைப்பான பொருள். சின்ன இடத்தில் வளைக்க முடியாது, கொஞ்சம் அதிகமாக வளைத்தால் உள்ளே மடிந்துபோகும், மடிந்த இடம் திரும்ப ஒருபோதும் சரிவராது, வெட்டி எறிய வேண்டியதுதான். அதனால்தான் வளைந்த பிட்டிங்குகள் தேவைப்படுகின்றன, செலவும் அங்கேதான் ஏறுகிறது.

டெஃப்லான் வாங்கும்போது இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. உள்குழாய் வெள்ளையா கறுப்பா என்று பாருங்கள். டெஃப்லான் மின்சாரம் கடத்தாத பொருள். பெற்றோல் அதனூடாக வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் சேரும், சேர்ந்தது வெளிப் பின்னலுக்குப் பாய்கிறபோது உள்குழாயில் ஊசி முனையளவு ஓட்டை விழலாம். அதற்காகவே கார்பன் கலந்து, மின்சாரம் கடந்துபோகிற மாதிரிக் கறுப்பு உள்குழாய் செய்கிறார்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்கு இது விளங்காத விசயம் இல்லை, பெற்றோல் செட்டில் பவுசர் இறக்குவதற்கு முதல் ஒரு வயரை எடுத்து நிலத்தோடு இணைக்கிறார்களே, அதுவும் இதே பயத்துக்குத்தான். பெற்றோலுக்குக் கறுப்பு உள்குழாய்தான். வெள்ளை வேண்டாம்.

அளவு பற்றிச் சுருக்கமாக. இந்தப் பிட்டிங்குகளை ஏஎன் எண்ணில் விற்கிறார்கள். அமெரிக்க இராணுவமும் கடற்படையும் விமானங்களுக்காக வகுத்த பழைய அளவுமுறை அது, எண் ஒவ்வொன்றும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஏஎன்-6 என்றால் பதினாறில் ஆறு, அதாவது 3/8 அங்குலக் குழாய்க்குப் பொருந்துவது. 1500 சிசி காருக்கு ஏஎன்-6 தாராளம். ஏஎன்-8 போடுங்கள், பெரிசாகப் போட்டால் நல்லது என்று கடைக்காரர் சொன்னார், அது அவருடைய வியாபாரம். பெரிய டர்போ வண்டிக்குத்தான் அந்தப் பேச்செல்லாம். ரெயிலிலிருந்து டாங்கிக்குத் திரும்பிப் போகிற லைனையும் மறக்காதீர்கள், அதை ஒடுக்கமாகப் போட்டால் ரெயிலில் அழுத்தம் ஏறிவிடும், எஞ்சின் பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும்.

கோணம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஏஎன் பிட்டிங்கின் வாய் 37 பாகைக் கூம்பு. எங்கள் கராஜ்களில் பிரேக் பைப்புக்கு வைத்திருக்கும் ஃபிளேர் கருவி, குழாயின் வாயைக் கூம்பாக விரிக்கிறது, 45 பாகை. இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கினால் முதலில் பிடித்த மாதிரித் தெரியும், பிறகு ஒழுகும். ஆனால் ஹைட்ரோலிக் ஹோஸ் அடிக்கிற கடைகளில், ட்ராக்டருக்கும் ஜேசிபிக்கும் செய்கிறார்களே, அவர்களிடம் இருக்கும் ஜேஐசி பிட்டிங்கும் 37 பாகைதான், 6 ஆம் இலக்கத்துக்கு மரையும் அதே 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 சுற்று. அதனால் நமக்கு வேண்டிய ஃபிளேரை அடிக்க அவர்களிடம் கருவி இருக்கிறது, நான் புதுக் குழாயின் முனையை அப்படி ஒரு கடையில்தான் அடித்து எடுத்தேன். அவர்களுடைய ஹோஸை மட்டும் வாங்காதீர்கள். அது எண்ணெய்க்கு என்று செய்த றப்பர், பெற்றோலுக்கு இல்லை.

டொயோட்டா பில்டரின் இரண்டு வாயும் மெட்ரிக் மரை என்பதால் ஏஎன்னுக்கு மாற்றுகிற அடாப்டர் தனியாக வேண்டும். ஒரு பக்கம் 14 மில்லிமீற்றர் ஃபிளேர், மறுபக்கம் 12 மில்லிமீற்றர் பாஞ்சோ, அதாவது நடுவில் துளையுள்ள போல்ட். இந்த இரண்டையும் கிட்டோடு சேர்த்து வாங்கினால்தான் வேலை ஓடும், இல்லாவிட்டால் கார் பிரித்துக் கிடக்க ஒரு சின்ன அடாப்டருக்காகக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டிவரும். பாஞ்சோவுக்குச் செப்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதுசு.

இனி எங்கள் ஊருக்கே உரிய விசயம், இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன். நெட்டில் பார்க்கிற விமர்சனமெல்லாம் பனியும் குளிரும் உள்ள நாட்டுக்காரர்கள் எழுதியது, அல்லது பந்தயக் காருக்கு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கார் நிற்கிறவனுக்கு யாரும் எழுதவில்லை. ஸ்டெயின்லெஸ் என்றாலே துருப்பிடிக்காது என்று நினைக்கிறோம். பின்னலுக்கு வழக்கமாகப் பாவிக்கிற 304 ரகம் கடல் காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும், மொலிப்டினம் கலந்த 316 ரகம்தான் உப்புக்குத் தாங்குவது, அந்த ரகத்தில் மலிவு ஹோஸ் வராது. கறை பிடித்தால் அழகுதானே போகும் என்று விட்டுவிடலாம். அதைவிடப் பெரியது பிட்டிங். பிட்டிங் அலுமினியம், பின்னல் ஸ்டீல், இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர். இப்படி மூன்றும் சேர்ந்தால் மெதுவாக ஓடுகிற ஒரு பற்றரி மாதிரித்தான், தேய்ந்துபோவது எப்போதும் அலுமினியம். பிட்டிங்கின் கழுத்தில் வெள்ளையாக மாவு பூத்திருந்தால் அதுதான் ஆரம்பம். நிறம் போட்ட அலுமினியம் கொஞ்சம் தாங்கும், மேலே அந்தப் பூச்சு கீறுபடாத வரைக்கும். இரும்பு ஸ்பனர் போட்டுத் திருகினால் முதல் நாளே கீறல் விழும், உப்பு அங்கிருந்து தொடங்கும்.

அதனால் நைலோன் பின்னலை எடுத்தேன். துரு இல்லை, கறை இல்லை, அலுமினியத்தோடு சண்டை இல்லை, எடை குறைவு. இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்டீல் பின்னல் அரம் மாதிரி உராயும், எஞ்சின் ஆடுகிறபோது பக்கத்தில் உள்ள வயரையும் பெயின்டையும் அறுத்துவிடும், ஏன் அலுமினியத்தையே அறுக்கும். நைலோன் அப்படிச் செய்யாது. நெருப்புச் சூட்டுக்கு மட்டும் ஸ்டீல் மேல், ஆகவே எக்ஸோஸ்டுக்குப் பக்கத்தால் போகவேண்டிய வண்டி என்றால் நைலோனுக்கு மேலே தனியாகச் சூட்டு உறை போடுங்கள். கொரோலாவில் அந்தத் தேவை வரவில்லை.

வாங்கியது கொழும்பில், பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடையில். ஹோஸ் அடிக் கணக்கில் வெட்டித் தருகிறார்கள், பிட்டிங் ஒவ்வொன்றாக. பெயர் பெற்ற வெளிநாட்டுக் கம்பனிச் சாமான் தேடினேன், நான் போன நேரம் கிடைக்கவில்லை, பெயர் அச்சிடாத பையில் வந்ததைத்தான் எடுத்தேன். விலை சொல்வதென்றால் ஆர்9 றப்பர் ஹோஸும் நல்ல கிளிப்பும் வாங்குகிற காசைப் போலப் பல மடங்கு, அதிலும் ஹோஸ் கொஞ்சம், பிட்டிங்தான் மிச்சமெல்லாம். ஹோஸை வெட்டிப் பார்த்தேன், உள்குழாய் கறுப்பு, சுவர் எல்லா இடமும் ஒரே தடிப்பு, பின்னல் இறுக்கம். நல்ல சரக்கு. நேரான பிட்டிங்குகளின் மரை கையாலேயே கடைசி வரைக்கும் ஓடியது, எங்கும் பிசிறு இல்லை. 90 பாகைப் பிட்டிங்குகள் சுழலுகிற வகை, உள்ளே ஓ-ரிங் இருக்கும். அவற்றில் ஒன்றின் கழுத்து ஆடியது.

ஆடிய பிட்டிங்கைக் காற்று அடித்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தபோது குமிழி வந்தது. கடைக்குப் போன் பண்ணினேன். தண்ணீர்க் குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை ரேப்பைச் சுற்றிப் போடுங்கள் என்றார்கள். இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, காரணத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, ஒழுகுவது சுழலுகிற கழுத்தில், மரையில் இல்லை. இரண்டாவது, ஏஎன் பிட்டிங்கில் அடைப்பது மரை இல்லை, கூம்புதான். மரை இழுத்துப் பிடிக்க மட்டும். அதில் ரேப் சுற்றினால் அடைப்புக்கு ஒன்றும் உதவாது, ரேப் நூல் நூலாகக் கிழிந்து பெற்றோலோடு போய் இன்ஜெக்டரின் வாயில் நிற்கும். கூம்பு மாதிரி ஒடுங்கிப் போகிற என்பிடி மரைக்குத்தான் அடைப்புப் பொருள் போடுவது. இந்த வித்தியாசம் தெரியாமல் பெற்றோல் லைன் சாமான் விற்பது சின்ன விசயம் இல்லை, ஒழுகினால் எரிவது கார் மட்டுமா? பிட்டிங்கைப் படம் எடுத்து அனுப்பி விடாமல் கேட்ட பிறகு மாற்றித் தந்தார்கள், மாற்றித் தந்தது நல்லாக இருக்கிறது. ஆனாலும் அந்த ஆலோசனையை இன்னொருவர் கேட்டு அப்படியே செய்திருப்பாரோ என்ற எண்ணம் போகவில்லை.

கராஜ் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டி வீதிப் பக்கம், பெயர்ப்பலகைகூட இல்லாத இடம். அங்குள்ள அண்ணன் வள்ளத்து எஞ்சின்களில் வேலை பழகி, பிறகு காருக்கு வந்தவர். உப்பு என்ன செய்யும் என்று இவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஹோஸைக் கையில் வாங்கியதும் வெளியைப் பார்க்கவில்லை, முனையைத் திருப்பி உள்ளே பார்த்தார். பிறகு கேட்டார், "தம்பி, முழு லைனுக்கும் இதுதான் போடச் சொல்றீங்களா?" நான், "நீங்க என்ன சொல்றீங்க அண்ணா?" என்றேன். "கீழால போற நீளத்துக்கு ஹோஸ் வேணாம். கல்லு அடிக்கும், தொங்கும். அதுக்குப் பைப்தான் சரி. எஞ்சின் ஆடுற இடத்திலயும் டாங்கியடியிலயும் மட்டும் ஹோஸ் போடுவம்." இது மிகச் சரியான யோசனை, செலவையும் பாதியாகக் குறைத்தது. நீளத்துக்குச் செப்பு நிக்கல் கலவைக் குழாய் போட்டோம், கடல் காற்றுக்கு அது இரும்பைவிட எவ்வளவோ மேல். வெறும் செப்புக் குழாய் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதிர்வில் அது நாளடைவில் இறுகி வெடிக்கும், பெற்றோலையும் பிசின் கட்ட வைக்கும்.

வேலை செய்த விதம்தான் ஐந்துக்கு ஐந்துக்குக் காரணம். காரைக் கூரைக்குக் கீழே வைக்கவில்லை, வெளியே திறந்த இடத்தில், பக்கத்தில் பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தினார். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு படர்ந்துபோய்ப் பள்ளத்தில் தங்கும், எங்கோ தூரத்தில் ஒரு வெல்டிங் பொறி போதும். பம்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தானாக நின்றுபோகும் வரை ஓடவிட்டார், அழுத்தம் இறங்கியது, பிறகு பற்றரியின் நெகட்டிவைக் கழற்றினார். தூள் வகை நெருப்பணைக்கும் போத்தல் ஒன்று கை எட்டுகிற தூரத்தில் நின்றது. எத்தனை கராஜில் இதைப் பார்க்கிறோம்?

ஹோஸை வெட்டுவதற்கு முதல் மாஸ்கிங் ரேப்பை இறுக்கிச் சுற்றி, அதற்கு நடுவால் மெல்லிய கட்டிங் டிஸ்க்கில் வெட்டினார், பின்னல் பிரியவே இல்லை. வெட்டிய தூசியைக் காற்றடித்து, பிறகு கிளீனர் ஊற்றிக் கழுவி, திரும்பவும் காற்றடித்தார். இந்தக் கழுவலை விட்டுவிட்டால் அந்தத் தூசி நேரே இன்ஜெக்டருக்குத்தான் போகும். டெஃப்லானுக்குப் பூட்டுகிற முறை வேறு. பிட்டிங்கின் வெளிக்கூட்டை முதலில் ஹோஸில் ஏற்றி, பின்னலை மட்டும் கொஞ்சம் விரித்து, பின்னலுக்கும் உள்குழாய்க்கும் நடுவில் ஒலிவ் என்கிற சின்ன வளையத்தைச் செருகி, உள்குழாய் அதன் அடிவரைக்கும் போய் முட்டியதா என்று பார்த்து, பிறகுதான் பிட்டிங்கின் நிப்பிள் முனையை உள்ளே அழுத்தி மரையை இறுக்க வேண்டும். றப்பர் ஹோஸுக்கான பிட்டிங்கில் இந்த வளையம் கிடையாது, அதை டெஃப்லானில் போட்டால் ஒரு நாள் கழன்று போகும். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆகவே வாங்கும்போதே வளையம் இருக்கிறதா என்று பையைத் திறந்து பாருங்கள். ஒரு முறை நசுங்கிய ஒலிவைத் திரும்பப் பாவிக்கக் கூடாது, கூடுதலாகச் சில வாங்கி வையுங்கள்.

வைஸில் கடிக்க வைக்கிறபோது அலுமினியத் தகட்டை இரண்டு பக்கமும் வளைத்து வைத்துக்கொண்டார், பிட்டிங்கில் ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு துண்டையும் காரில் ஏற்றுவதற்கு முதல் ஒரு முனையை அடைத்துக் காற்றேற்றித் தண்ணீர் வாளியில் பிடித்துப் பார்த்தார், ஒழுகிய 90 பாகைப் பிட்டிங் மாட்டியது அப்படித்தான். காரில் பூட்டிய பிறகு உடனே ஸ்டார்ட் பண்ணவில்லை. பழைய டொயோட்டாக்களில் பொனட்டுக்குள் ஒரு டயக்னோசிஸ் பெட்டி இருக்கும், அதில் +பி, எஃப்பி என்று இரண்டு துளை. இரண்டையும் ஒரு வயரால் இணைத்து, சாவியை ஓன் பண்ணினால் எஞ்சின் ஓடாமலே பம்ப் ஓடும். அப்படி ஓடவிட்டு ஒவ்வொரு பிட்டிங்கையும் டிசுப் பேப்பரால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் பேப்பரில் தெரிந்துவிடும். குழாயைப் பிடிக்கப் பழைய கிளிப்புகளைப் போடவில்லை, றப்பர் வைத்த பி-கிளிப்புகளை ஓர் அடி, ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போட்டு, மணல் தங்காதபடி வாயைக் கீழ்ப்பக்கம் வைத்தார். இந்தக் கடைசி யோசனையை வேறெங்கும் நான் கேட்டதில்லை, வள்ளத்து வேலை பார்த்த கைக்குத்தான் அது வரும்.

ஓட்டிப் பார்த்ததில்? வேகம் கூடவில்லை, இழுவை கூடவில்லை, லீற்றருக்கு ஓடுகிற தூரமும் கூடவில்லை. இதைப் போட்டால் கார் பறக்கும் என்று யாராவது சொன்னால் அது பொய். மாறியது மணம். காலையில் பொனட்டைத் திறந்தால் எஞ்சின் ஒயில் மணம் மட்டும்தான். கச்சான் காற்று அடிக்கிற வெயிலில் கந்தளாய், ஹபரணை தாண்டி ஓடிவிட்டு நிறுத்தி, சூட்டோடு சூடாகக் கையை விட்டுப் பிட்டிங்குகளைத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் காய்ந்துதான் இருந்தன. முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை எல்லா நட்டையும் திரும்பப் பார்க்கச் சொன்னார் அண்ணன், பார்த்தபோது ஒன்று மட்டும் மயிரிழை அளவு இறுகியது.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. உங்கள் இரும்புக் குழாய் நன்றாக இருக்கிறது, றப்பர் மட்டும்தான் பழசு என்றால், ஆர்9 என்று மேலே அச்சிட்ட ஹோஸை வாங்கி, விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளிப் போட்டு வேலையை முடியுங்கள். திருகாணி வைத்த, ஓட்டை ஓட்டையாக உள்ள தகட்டுக் கிளிப் வேண்டாம், அது ஹோஸை அறுக்கும். சில வருசத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் செலவு இதில் ஒரு சின்னப் பங்குதான். கார்பரேட்டர் வண்டி, டிஎக்ஸ் வேகன், பழைய சன்னி வைத்திருப்பவர்களுக்கு அழுத்தம் இன்னும் குறைவு, அவர்களுக்கு ஆர்7 ஹோஸே போதும். மீன்பிடிச் சாமான் கடைகளில் அவுட்போர்ட் எஞ்சினுக்கு விற்கிற பெற்றோல் ஹோஸ் எங்கள் ஊரில் எங்கும் கிடைக்கும், உப்புக்கும் வெயிலுக்கும் தாங்கும் என்று அதை இன்ஜெக்ஷன் காருக்குப் போடுகிற ஆட்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அது வள்ளத்தில் உறிஞ்சுகிற பக்கத்துக்குச் செய்தது, 44 பிஎஸ்ஐ வந்தால் கிளிப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

இரும்புக் குழாயும் துருப்பிடித்து, எப்படியும் முழு லைனையும் கழற்ற வேண்டும் என்று வந்துவிட்டவர்களுக்குத்தான் நான் போட்ட மாதிரிப் போடச் சொல்வேன்: நீளத்துக்குச் செப்பு நிக்கல், இரண்டு முனைக்கும் கறுப்பு உள்குழாய் டெஃப்லான், வெளியே நைலோன். மாரிக்கு முதலும் மாரி முடிந்த பிறகும் கீழ்ப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள், பிட்டிங் கழுத்தில் வெள்ளை மாவு தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் துடைத்து மெழுகு வகை ஸ்பிறே அடியுங்கள், ஆழமாகத் தின்றிருந்தால் அந்தப் பிட்டிங்கை மாற்றுங்கள். மிஞ்சிய ஹோஸ் துண்டை பிரேக்குக்குப் போடலாமா என்று கேட்டார்கள். போடவே கூடாது. பிரேக் ஹோஸ் வேறு அளவு, வேறு தரம், ஃபெக்டரியில் பிட்டிங் அழுத்திச் சோதித்து வருவதைத்தான் பிரேக்குக்கு வாங்க வேண்டும்.